எங்க கீற?

முதல் நாளே என்னிடம் அதைத்தான் கேட்டார். திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டின் மேல் இருந்த அவருடைய ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“எங்க கீறம்மா?”

“உங்க ஆபீஸ் வாசலாண்டதான்க்கா.”

“அப்பிடியா? செரி, உள்ள வா.”

நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் ஸ்டாண்டு போட்டது, வண்டிக் கண்ணாடியில் குனிந்து முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தது, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார்.

டிரைவர்கள் அவரை ஓனரக்கா என்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயரைப் படித்திருக்கிறேன்; ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஐம்பதை ஒட்டிய வயது. நூல் புடவை, அதற்குக் கீழே ஆண்கள் போடும் கறுப்பு ஷூ. ஷெட்டில் ஆயில் சிந்திக் கிடக்கும், செருப்பு வழுக்கும் என்பார். ஷூ போட்ட காலைத் தேய்த்துத் தேய்த்து அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் டிரைவர்கள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள்.

சத்யவேடு பக்கத்துக் குடும்பம். டெம்போ டிராவலர்களும் மினி பஸ்களும் வைத்திருந்தார். பாதி வண்டிகள் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும். மீதி, மலைக்கும் காளஹஸ்திக்கும் காணிப்பாக்கத்துக்கும் பக்தர்களை ஏற்றிப்போகும். நானோ புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இ.சி.இ. முடித்துவிட்டு, வண்டிகளுக்கு டிராக்கர் மாட்டும் ஒரு சின்ன கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விற்பது, மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது மூன்றும் நானே. கையில் ஸ்க்ரூடிரைவரோடு மகள் டெம்போவுக்கு அடியில் படுத்துக் கிடப்பது நகரியில் இருந்த என் நைனாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதைவிடப் பிடித்த வேலை வேறு இல்லை.

அன்று பையிலிருந்து டிராக்கரை எடுத்து மேஜையில் வைத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆர்வத்தில் மூச்சுவிடாமல் பேசினேன். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா இல்லையா, எல்லாம் தெரியும். வண்டி திருடு போனால் இங்கிருந்தபடியே ஒரு பட்டனை அமுக்கி டீசல் போகிற வழியை அடைக்கலாம், வண்டி நின்றுவிடும்.

“இது எங்க செஞ்சதும்மா?” என்றார்.

சொன்னேன். தலையாட்டினார். பிறகுதான் கவனித்தேன், டிராக்கர் வந்த அட்டைப்பெட்டி அவர் கையில் அடிப்பக்கம் மேலாக இருந்தது. நாட்டின் பெயர் அவர் கண்ணுக்கு நேரே அச்சாகியிருந்தது. நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். ஆர்டர் கிடைத்தது.

மாட்டும்போது ஒரு கண்டிஷன் போட்டார். “கண்ணுக்குத் தெரியிற மாதிரி முன்னாடி ஒரு டப்பா மாட்டு. உள்ள ஒண்ணும் வாணாம். செவப்பு லைட்டு மட்டும் மினுக்கினு இருக்கட்டும். நெஜமானத எங்க வேணா மாட்டு, எனுக்கு மட்டும் சொல்லு.”

அப்படியே செய்தேன். எங்கே மாட்டினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும் டிரைவர்களை ஷெட்டில் நிற்கவைத்து ஒரு சின்ன பேச்சு பேசினார். “இது திருட்டுக்கு மட்டுந்தான். வண்டி காணாம போனாதான் நான் தொறந்து பாப்பேன். நீங்க எங்க டீ குடிக்கிறீங்க, எங்க தூங்கறீங்கன்னு பாக்கிறது என் வேல இல்ல.”

சாயங்காலமே திறந்து பார்த்தார். மறுநாளும் பார்த்தார். என் ஸ்க்ரீனில் யார் எப்போது லாகின் செய்து உள்ளே வந்தார்கள் என்பது தெரியும். அவர் காலையில் காபிக்கு முன்னால் வருவார், இரவு விளக்கை அணைத்த பிறகு வருவார்.

ஏன் அப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் வண்டியின் கதையை ஒரு நாள் அவரே சொன்னார். அவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கிய வண்டி. அலிபிரியில், மலையடிவாரத்தில், வீட்டுக்காரர் அதை நிறுத்திவிட்டு, தரிசனத்துக்குப் போன பார்ட்டி திரும்பி வரட்டும் என்று மரத்தடியில் படுத்திருக்கிறார். எழுந்தால் வண்டி இல்லை. கிடைக்கவே இல்லை.

“எங்க நிறுத்துன, எங்க நிறுத்துனன்னு எல்லாரும் கேட்டாங்கம்மா. போலீசு, ஃபைனான்ஸ்காரன், எங்க மாமனாரு. அந்த மனுஷன் எல்லாருக்கும் அதே எடத்தத்தான் சொன்னாரு. ஒருத்தன் நம்பல. வித்துட்டு வந்துட்டான்னாங்க.”

“நீங்க நம்பினீங்களா?”

“நானும் கேட்டேன்,” என்றார்.

அந்த வீட்டுக்காரரிடமும் அவர் பேச்சு இப்படித்தான் இருக்கும். ஒரு நாள் மதியம், வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓனரக்கா அவருக்குப் போன் போட்டார். “மாத்திர போட்டியா?” அந்தப் பக்கம் இருந்து, போட்டாயிற்று என்று சத்தம் வந்தது. “செரி, நல்லது,” என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்த அட்டையை ஒரு டிரைவரிடம் கொடுத்து, “வூட்டுல போய்க் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத, வண்டியில கெடந்துச்சின்னு சொல்லு,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் லேசாக ஒரு சங்கடமும் வந்தது. இவர் கண்டுபிடிக்கிறார், ஆனால் கண்டுபிடித்ததை யாரிடமும் காட்டுவதில்லை. அப்படியென்றால் அதையெல்லாம் எங்கே சேர்த்து வைக்கிறார்?

பிரியாணிக் காகிதம் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு வண்டியை செக் பண்ணும்போது, முன்னால் மினுக்கும் வெறும் டப்பாவைச் சுற்றி யாரோ வெள்ளிக் காகிதம் பொதிந்திருந்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தில் வருவது. மசாலா வாசனைகூடப் போகவில்லை. சிக்னல் போகாமல் இருக்க அந்த டிரைவர் செய்த ஏற்பாடு. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

ஓனரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெறும் டப்பாவுக்குப் போர்வ போத்தியிருக்கான்! திரும்பப் போத்தி வுட்டுடும்மா. அவனுக்கு ஒரு நிம்மதி.” போனை எடுத்தார். “எங்க கீற நைனா?”

“ரேணிகுண்டா ஸ்டேஷன்லக்கா. டிரெயினு லேட்டு.”

ஸ்க்ரீனில் அவன் வண்டி சந்திரகிரியில் நின்றுகொண்டிருந்தது.

“செரி. வெயில்ல நிக்காத.”

“அக்கா, தெரிஞ்சிக்கினே எதுக்குக்கா கேக்கிறீங்க?” என்றேன்.

“அவன் எங்க கீறான்னு மெஷின் சொல்லும். அவன் இன்னா சொல்றான்னு மெஷின் சொல்லுமா?”

அவரிடம் வேலைக்குச் சேருகிற டிரைவர்களைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப்போவார். எங்கள் பக்கத்தில் அது பழக்கம்தான். வாய்க்கால் தகராறோ அண்ணன் தம்பி சண்டையோ, கோர்ட்டுக்குப் போகும் முன்னால் காணிப்பாக்கத்துக்குப் போய்க் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் எதிரில் பிரமாணம் செய்வார்கள். அங்கே பொய்ப் பிரமாணம் செய்ய எவனுக்கும் தைரியம் வராது. ஓனரக்காவின் டிரைவர்கள், டீசல் விற்கமாட்டேன், குடித்துவிட்டு ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

“சத்தியமே வாங்கிட்டீங்க, அப்பறம் டிராக்கர் எதுக்குக்கா?” என்று கிண்டல் பண்ணினேன்.

“சாமிக்கு ஆயிரம் வேல கீது. அத்தினி வண்டியும் அவரே பாத்துக்கினு இருப்பாரா?”

இந்த மனுஷியிடம் சிக்காத ஒரே டிரைவர் ரத்தினம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓனரக்காவைவிட நாலைந்து வயது சின்னவர், நகரிக்காரர், என் நைனாவுக்குக்கூட முகம் தெரியும். ஸ்ரீ சிட்டிக்குக் காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவார். ஹாரன் அடிக்கமாட்டார். புது வண்டி வந்தால் ஓனரக்கா முதலில் அவர் கையில்தான் சாவியைக் கொடுப்பார். என்னை ‘ஜிபிஎஸ் பாப்பா’ என்று முதலில் கூப்பிட்டதும் அவர்தான். அப்புறம் ஷெட்டே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தபோது ரத்தினத்தின் வண்டியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வியாழனும், வரதய்யபாளையம் வழியாகத் திரும்பி வரும்போது, காளஹஸ்தியில் ஒரு சந்தில் வண்டி நிற்கிறது. கோயிலிலிருந்து நல்ல தூரம். அரைமணிக்கு மேல் நிற்கிறது. அவ்வளவு நேரமும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. திருட்டையே பிடித்துவிட்ட சந்தோஷத்தில் லேப்டாப்போடு போய் நின்றேன்.

“அக்கா, டீசல் வேஸ்ட்டு. நின்ன எடத்துல இன்ஜின் ஓடிக்கினு கீது.”

“ஏசி போட்டிருப்பான்,” என்றார், தலையைத் தூக்காமல்.

“காலி வண்டியில யாருக்குக்கா ஏசி?”

“கொழந்தைக்கு.”

அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ரத்தினத்தின் மகள் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். ரத்தினத்தின் அண்ணன் குடும்பத்தில் மூத்தவர்; தம்பியைக் காணிப்பாக்கத்துக்கு இழுத்துப்போய், இனி அவள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று பிரமாணம் செய்யவைத்துவிட்டார். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அந்த அண்ணனுக்குத் தெரியாது. ரத்தினத்துக்குத் தெரியும். அவர் படி ஏறவில்லை. வண்டியைச் சந்தில் நிறுத்துகிறார், மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறுகிறாள். அரைமணி நேரம் அந்த டெம்போ அவர்களுக்கு வீடு.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வண்டி நிக்குது நிக்குதுன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒரு நாளு பஸ் ஏறிப் போனேன். சந்து மொனையில நின்னு பாத்தேன். நீலக் கேட்டு வூடு. அந்தக் கொழந்த ஸ்டீரிங்க புடிச்சிக்கினு ஆடுது, இவன் சிரிக்கிறான். அவன் பல்லு எனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. திரும்பி வந்துட்டேன்.”

“நல்லதாச்சேக்கா. அவர்கிட்ட சொல்லலாமே, உங்களுக்குத் தெரியும், பரவாயில்லைன்னு.”

அந்த வியாழக்கிழமையும் ஓனரக்கா அவருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “எங்க கீற ரத்தினம்?”

“கோயில் வாசல்லக்கா. டீ குடிச்சிக்கினு கீறேன்.”

“செரி, குடி. ஆறிடப்போவுது.”

போனை வைத்தபோது அவர் முகத்தில் இருந்தது பிரியம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு ஏதோவும் கலந்திருந்தது. ஒரு பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர் முகம் மாதிரி. இன்று வரை எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது, ஒரு வியாழக்கிழமை பதினொரு மணி வாக்கில், நான் ஆபீசில் இருந்தபோது, ரத்தினமே போன் செய்தார். “அக்கா, வண்டி இல்லக்கா.”

ஓனரக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஸ்க்ரீனில் அந்த வண்டி காளஹஸ்தியைத் தாண்டிப் பிச்சாட்டூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் வாயில் அதுதான் வந்தது. “நீ எங்க கீற?”

“கோயில் வாசல்லக்கா. பார்க்கிங்ல நிறுத்தினேன். திரும்பிப் பாத்தா இல்ல.”

என் கையெல்லாம் பரபரத்தது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தேன். “அக்கா, நிறுத்தட்டுமா? ஒரு பட்டன்தான்.”

“எத்தினி ஸ்பீடு?”

“அறுபதுக்கு மேல.”

“வாணாம். பின்னால பஸ் வந்துக்கினு இருந்தா? திருடன் சாவட்டும், பஸ்ஸுல கீறவன் இன்னா பண்ணான்?”

வேகம் குறைந்தால்தான் வண்டி நிற்கும், மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துப் போலீசுக்குச் சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் என் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளினால் தமிழ்நாட்டு எல்லை. ஒரு ஊரின் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டி நுழைந்து ஊர்ந்தபோது, “இப்ப அமுக்கு,” என்றார்.

அமுக்கினேன். நின்றது.

பிறகு தெரிந்த கதை: திருடர்கள் இரண்டு பேர். முன்னால் இருந்த வெறும் டப்பாவைப் பிய்த்து ஸ்வர்ணமுகி ஆற்றில் எறிந்துவிட்டு, கவலையே இல்லாமல் வந்திருக்கிறார்கள். வண்டி நின்றதும், பாவம் பிரேக்டவுன் என்று நினைத்து, சந்தைக்கு வந்த நல்ல மனுஷர்கள் பத்துப் பேர் சேர்ந்து தள்ளிக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் இருவரும் தக்காளிக் கூடைகளைத் தாண்டி ஓடிவிட்டார்கள். ஒருவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் மிஞ்சியது.

வண்டி கிடைத்துவிட்டது, இனி கையெழுத்துப் போட்டு எடுத்து வரவேண்டியதுதான் என்ற நினைப்பில், நான் டூர் போவது போலக் காரில் ஏறினேன். காளஹஸ்தி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ரத்தினம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். தம்பி மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டு நகரியிலிருந்து பைக்கில் வந்திருந்த அண்ணன்.

அவரைப் பார்த்ததும் ஓனரக்காவின் நடை நின்றது. என்னைப் படிக்குப் பக்கத்தில் ஓரமாக இழுத்தார். “அந்தச் சந்துல நின்னது மட்டும் ரிப்போர்ட்டுலருந்து அழிக்க முடியுமா?”

“முடியாதுக்கா. அது சர்வர்ல கீது. யாராலயும் அழிக்க முடியாது.” இதே வசனத்தைத்தான் விற்கும்போது அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

எஸ்.ஐ. தெலுங்கில்தான் பேசினார், தமிழில் எழுதுகிறேன். “கோயில் பார்க்கிங்ல கேமரா இருக்கு. உன் வண்டி அங்க வரவே இல்ல. பூட்டை உடைக்கல, கண்ணாடியை உடைக்கல, சாவி வண்டியிலேயே இருக்கு. எங்க நிறுத்தின?”

“பார்க்கிங்லதான் சார்.”

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். எஸ்.ஐ. என்னிடம் திரும்பி, வண்டி போன தடத்தைக் காட்டச் சொன்னார். காட்டாமல் இருக்க வழியில்லை. மேப்பில் அந்தச் சந்து; அதற்குக் கீழே, இன்ஜின் ஓட வண்டி நின்ற நேரம் நீளமான சிவப்புக் கோடாகத் தெரிந்தது.

“அப்போ இது என்ன? இன்ஜினை ஓடவிட்டு, சாவியோட, இந்தச் சந்துல எடுத்துக்கோன்னு விட்டுட்டு வந்திருக்க. அவனுங்க உன் ஆளா?”

ரத்தினம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அண்ணனுக்கு மகள் இருக்கும் இடம் தெரியும். திறக்காவிட்டால் எஸ்.ஐ. அவரை உள்ளே உட்காரவைத்துவிடுவார்.

ஓனரக்கா அவர் பக்கம் திரும்பினார். “எங்க இருந்த ரத்தினம்?”

குரல் வழக்கம் போலவே இருந்தது, டீ ஆறிவிடப்போகிறது என்று சொல்கிற குரல்.

“கோயில் வாசல்லக்கா,” என்றார் ரத்தினம், தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா எஸ்.ஐ.யின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். “சார், அவன் பயத்துல ஒளர்றான். வண்டிய அந்தச் சந்துல நிறுத்தச் சொன்னது நாந்தான். அங்க நீலக் கேட்டு வூட்டுல ஒரு வயசானம்மா, எங்க பழைய பார்ட்டி. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும். பார்ட்டி ஏறத்துக்கு முன்னாடி ஏசி ஓடிக்கினு இருக்கணும்றது என் ரூலு. இவன் மூட்ட தூக்கியார உள்ள போயிருப்பான். கணக்குல வராத டிரிப்பு, அதான் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். ஏம்மா, போன வாரம் காட்டு. அதுக்கு முந்தின வாரம் காட்டு.”

காட்டினேன். ஒவ்வொரு வியாழனும் அதே சந்து, அதே சிவப்புக் கோடு. நாலைந்து வாரம் பார்த்ததும் எஸ்.ஐ. போதும் என்றார். வண்டி கிடைத்துவிட்டது, ஓனரே டிரைவர் பக்கம் பேசுகிறார். இனி அவருக்கு அந்த இரண்டு பேரும் ஒற்றைச் செருப்பும்தான் பாக்கி. ரத்தினத்தைப் போகச் சொல்லிவிட்டார். அண்ணன், “சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாடா?” என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போகும்வரை ரத்தினம் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். “நீலக் கேட்டு உனுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“தெரியும்.”

“எத்தினி நாளா?”

“மொதல்லருந்து.”

“வண்டி காணாம போனாதான் பாப்பேன்னியே.”

ஓனரக்கா ஷூவால் மண்ணைத் தேய்த்தார். ரத்தினம் அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

“இன்னிக்கு மழ தூறிச்சிக்கா. கொழந்த என் தோள்லயே தூங்கிட்டான். எழுப்ப மனசு வர்ல. தூக்கிக்கினு படி ஏறிட்டேன். கட்டில்ல போட்டுட்டுத் திரும்பறேன், வண்டி இல்ல. சத்தியத்த மீறுனேன், சாமி வண்டியத் தூக்கிக்கினு பூட்ச்சி.”

“சாமி வண்டி ஓட்டுமாடா? ரெண்டு திருட்டுப் பசங்க செருப்ப வுட்டுட்டு ஓடியிருக்கானுங்க.”

“சாமி தண்டிச்சா தாங்கிக்குவேன்க்கா. நீ தெரிஞ்சிக்கினே கேட்டுக்கினு இருந்திருக்க. வாரா வாரம். நான் பொய் சொல்றத கேக்கறதுக்கா போன் போட்ட?”

“நீயா சொல்லுவன்னு பாத்தேன்டா.”

“சொல்லியிருப்பேன்,” என்றார் ரத்தினம். “நீ கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த வண்டிச் சாவியை அக்கா கையில் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. நாயுடுபேட்டைப் பக்கம் யாரிடமோ லோடு வண்டி ஓட்டுவதாக அப்புறம் கேள்விப்பட்டோம்.

திரும்பி வரும்போது காரில், ரேணிகுண்டா நெருங்கும் நேரத்தில் ஓனரக்கா, “அவன காப்பாத்தத்தானேம்மா சொன்னேன்,” என்றார். நான் ஆமாம் என்றேன். உண்மைதான். அந்த நீலக் கேட்டை அவர் வாயால் சொல்லியிருக்காவிட்டால் அன்று ரத்தினம் வெளியே வந்திருக்கமாட்டார். சொன்னதால்தான் போய்விட்டார் என்பதும் உண்மைதான்.

டிரைவர்களிடம் கேட்பதை அதோடு விட்டாரா என்றால், முயற்சி செய்தார். கொஞ்ச நாள் போன் போட்டவுடனே, “நீ சந்திரகிரியில கீற, தெரியும், சீக்கிரம் வா,” என்று ஆரம்பித்தார். டிரைவர்கள் மிரண்டுபோய் என்னிடம் வந்து, “பாப்பா, அக்காவ பழையபடி கேக்கச் சொல்லு,” என்றார்கள். பிரியாணிக் காகிதக்காரன்தான் கூட்டத்துக்குத் தலைமை. கடைசியில் பழையபடியே ஆகிவிட்டது. அவர் கேட்பார், அவர்கள் எதையாவது சொல்வார்கள், செரி என்பார். திறந்து பார்ப்பது மட்டும் குறைந்திருந்தது. காலையில் காபிக்கு முன்னால் அவர் பெயர் என் ஸ்க்ரீனில் வருவதில்லை.

எனக்கு பெங்களூரில் வேறு வேலை கிடைத்தது. சொல்லிவிட்டு வரப் போனேன். அன்றும் வியாழன்தான் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகு, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, மேஜை மேல் ஸ்பீக்கரில் வைத்தார். ரொம்ப நேரம் அடித்தது.

“எங்க கீற ரத்தினம்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

“கோயில் வாசல்லக்கா,” என்றது ரத்தினத்தின் குரல். “டீ குடிச்சிக்கினு கீறேன்.”

அக்காவின் கை பழக்கத்தில் மவுசுக்குப் போனது. ஸ்க்ரீனில் அவருடைய வண்டிகள் எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தன, மலையில் ஒன்று, ஸ்ரீ சிட்டியில் இரண்டு. ரத்தினம் ஓட்டுகிற வண்டி அதில் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“செரி, குடி. ஆறிடப்போவுது.”

போனை வைத்தார்.

“நெஜமாவே கோயில்லதான் கீறாராக்கா?” என்றேன்.

“எனுக்கு எப்பிடிம்மா தெரியும்?” என்றார்.

வெளியே ஒரு மினி பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ டீ குடிச்சியாம்மா?”

நான் குடித்து வைத்த காலி டம்ளர் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது.

“இல்லக்கா,” என்றேன்.

“செரி,” என்று டீக்கடைக்குக் குரல் கொடுத்தார்.